குறைவாலி போட்ட பிடி

குரங்குகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், நாட்டுக் குரங்கு, செம்முகக் குரங்கு, சோலைக் குரங்கு என்ற பிரிவினையெல்லாம் கிடையாது. எல்லாம் ஒரே கூட்டம், ஒரே சாயல். பேச்சு இருந்ததே, உட்கார்ந்து பேசி ஒற்றுமையாக இருந்திருக்குமே என்று நினைத்தால் அது நம்முடைய தப்பு. பேச்சு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு வம்பும் இருந்தது.

மேற்கு மலையில் ஓர் அருவிக்குப் பக்கத்தில், பாறையை ஒட்டி ஒரு பெரிய அத்திமரம் நின்றது. அதுதான் அவர்களுக்கு ஊர். அந்த ஊருக்கு ஒரே சட்டம், கொம்புச் சட்டம். உச்சிக்கொம்பு தலைவருக்கு. அதற்கு அடுத்த கொம்பு அவருடைய மைத்துனன்மார் ஏழு பேருக்கு. அப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் அடிக்கொம்பு வரும். பழம் பழுத்தால் உச்சிக்கொம்பு முதலில் தின்னும். பாதியைக் கடித்துத் துப்பி, ஏப்பம் விட்டு முடித்த பிறகுதான் அடுத்த கொம்பு வாயைத் திறக்கலாம். அடிக்கொம்புக்கு வந்து சேருவது காம்பும் எறும்பும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று இருந்தது பாருங்கள், அதுதான் கொடுமை. யாரும் யாரையும் தொடக்கூடாது. ஒரே கொம்பில் இருந்தாலும் ஆளுக்கு ஆள் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார வேண்டும். மேலே இருப்பவர் மேல் கீழே இருப்பவரின் வால்நுனி பட்டால் கடி. மேலே இருப்பவர் குரல் கொடுத்தால், கீழே இருப்பவர்கள் உடனே முதுகைத் திருப்பி, தலையைத் தொங்கப்போட்டு, பல்லை இளித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பெயர் மரியாதை. முகத்தைப் பார்த்துவிட்டால் அதற்கும் கடி. பால் குடிக்கும் குட்டியும் தாயும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். குட்டி பால் மறந்ததும் அதுவும் போச்சு.

தலைவர் பெயர் உச்சியார். நல்ல உடம்பு. கோரைப்பல் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம் இருக்கும். அவருடைய கொம்பில் பத்துப் பேர் படுக்கலாம். அவர் ஒருவரே படுத்திருந்தார், அதுவும் குறுக்கே.

ஆடி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் அந்த மலையில் பட்டப்பகலிலும் மூடுபனி இறங்கும். பக்கத்தில் இருப்பவர் மூக்கு தெரியாது. அப்போது புள்ளியன் வருவான். புள்ளியன் என்பது சிறுத்தை. சத்தமில்லாமல் அடிமரத்தில் ஏறி, அடிக்கொம்பின் கடைசியில் இருப்பவரைப் பழம் பறிப்பது போலப் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவான். ஒரு முழத்துக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தால் அவனுக்கு என்ன கஷ்டம்?

கீழே அலறல் கேட்டதும் உச்சியார் ஒரு கண்ணைத் திறப்பார்.

"போனது எந்தக் கொம்பு?"

"அடிக்கொம்புங்கய்யா."

"பிறகென்ன. அடிக்கொம்பு அதுக்குத்தான இருக்கு."

கண்ணை மூடிக்கொள்வார். போனவருக்குப் பதிலாக மேல்கொம்பிலிருந்து ஒருவரைக் கீழே தள்ளிவிடுவார்கள். கணக்குச் சரியாகிவிடும்.

அந்த அடிக்கொம்பில்தான் குறைவாலி இருந்தாள். அவளுக்குப் பிறந்தபோது முழு வால்தான். ஒரு நாள் காற்றில் வால் ஆடி, முன்னால் இருந்த ஒற்றைப்பல்லன் முதுகில் பட்டுவிட்டது. ஒற்றைப்பல்லன் அந்த வரிசையில் அவளுக்கு மேலே இருந்த கடுவன், அதாவது ஆண் குரங்கு. பெயரில் ஒரு பல்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஒரு பல் போதுமானதாக இருந்தது. பாதி வால் போய்விட்டது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே குறைவாலி.

அந்த ஆடியில் புள்ளியன் குறைவாலியின் அக்காளைக் கொண்டுபோனான். அக்காள் இருந்த கடைசி இடத்துக்கு வந்தது குறைவாலி. வயிற்றில் ஒரு கைக்குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்தது தான் என்பது அவளுக்குத் தெரியும். சாவதைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. தான் போய்விட்டால் குட்டியை யார் எடுப்பார்கள்? தொடுவதற்கே கடிக்கிற ஊரில், தாயில்லாத குட்டியைத் தொட்டுத் தூக்க யார் இருக்கிறார்கள்? அந்த நினைப்பு வந்தால் அவளுக்குப் பால் சுரக்காமல் நின்றுவிடும்.

மெதுவாக ஒற்றைப்பல்லனிடம் கேட்டுப் பார்த்தாள். "அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு ஆயிட்டா இந்தக் குட்டிய மட்டும்..."

"பேசாத. என் பக்கம் பாக்காத. உச்சியார் காதுல விழுந்தா என்னையும் கடைசிக்குத் தள்ளிருவாரு."

சரி, யாரைக் கேட்டு என்ன, தலைவரையே கேட்போம் என்று குறைவாலி கொம்பு கொம்பாக ஏறிப் போனாள். உச்சிக்கொம்புக்கு முன்னால் முதுகைத் திருப்பி நின்று, பல்லை இளித்துக்கொண்டு சொன்னாள். இளித்துக்கொண்டே அழுவது எப்படி என்று கேட்காதீர்கள். அவளுக்கு அது பழக்கம்.

"ஐயா, கைக்குட்டியோட கடைசி இடத்துல இருக்கேன். குட்டி பால் மறக்குற வரைக்கும் ரெண்டு கொம்பு மேல இடம் குடுங்க."

"உனக்குக் குடுத்தா அங்க இருக்கிறவன் எங்க போவான்?"

"கொஞ்சம் ஒதுங்கி உக்காந்தா ரெண்டு பேருக்கும் இடம் இருக்குங்கய்யா."

உச்சியார் சிரித்தார். "ஒதுங்கினா ஒட்டும். ஒட்டினா யார் மேல, யார் கீழன்னு எப்படிச் சொல்லுவ? இறங்குட்டி."

இறங்கிவிட்டாள். வேறென்ன செய்வாள்.

மறுநாள் காலையிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. சாரல் நிற்கவில்லை. அடிக்கொம்பில் ஒன்பது பேரும் ஒரு முழத்துக்கு ஒருவராக நனைந்து விறைத்துப்போய் இருந்தார்கள். இரவெல்லாம் விழித்திருந்த குறைவாலி ஒரு நொடி கண்ணசந்துவிட்டாள். அந்த ஒரு நொடியில் குட்டி வயிற்றிலிருந்து நழுவியது. அதற்குக் குளிர். அம்மா உடம்பும் சில்லிட்டுப் போயிருந்தது. குட்டிக்குக் கொம்பும் தெரியாது, சட்டமும் தெரியாது. தவழ்ந்து தவழ்ந்து போய், முன்னால் இருந்த ஒற்றைப்பல்லனின் வயிற்று மயிரை இரண்டு கையாலும் பிடித்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

ஒற்றைப்பல்லனின் உதடு மேலே ஏறியது. அந்தப் பல் தெரிந்தது.

குறைவாலி கண் விழித்தாள். தன் வாலைத் தின்ற அந்தப் பல் தன் குட்டியின் தலைக்கு மேலே இருப்பதைப் பார்த்தாள். யோசிக்க நேரமில்லை. ஒரே தாவு. ஒற்றைப்பல்லன் மேல் விழுந்து, இரண்டு கையாலும் கழுத்தோடும் தாடையோடும் சேர்த்துக் கட்டி, தன் முகவாயை அவன் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள். அன்பாக அணைக்கப் போனாள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அந்த வாயைத் திறக்கவிடாமல் கட்டத்தான் போனாள்.

"கடிக்கணும்னா என்னையக் கடிங்க. குட்டிய விடுங்க."

ஒற்றைப்பல்லன் கடிக்கவில்லை. உதறவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் உடம்பு நடுங்கத் தொடங்கியது. முதலில் அவள் அது கோபம் என்று நினைத்து இன்னும் இறுக்கினாள். அவனோ பால் மறந்த நாள் முதல் இன்றுவரை கடி வாங்கியதைத் தவிர ஒருவர் கைகூடத் தன்மேல் படாதவன். பன்னிரண்டு சாரல் தனியாக நனைந்தவன். முன்னால் ஒரு குட்டி, பின்னால் ஒரு மந்தி, நடுவில் அவனுக்கு எலும்புவரை சூடு ஏறியது.

இறுக்கிய கைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "தங்கச்சி, விட்டுராத."

அவள் விடவில்லை. விடப் பயமாகவும் இருந்தது, விட மனமும் வரவில்லை.

ஒற்றைப்பல்லனுக்கு முன் இடம் காதறுந்தானுடையது. இரண்டு கடுவன்களுக்கும் ஏழாம் பொருத்தம். விடிந்தால் கடி, பொழுது அடைந்தால் கடி. ஒற்றைப்பல்லனை ஒரு மந்தி மடக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் காதறுந்தானுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. இப்போது ஒரு கடி கடித்தால் இவன் இந்த ஜென்மத்தில் எழுந்திருக்க மாட்டான் என்று வாயைத் திறந்துகொண்டு வந்தான். நல்ல இடமாகப் பார்த்துக் கடிக்க வேண்டுமே, அதற்காக முதுகில் கையை வைத்தான். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன இது, சூடா இருக்கு?"

"சூடாத்தான் இருக்கும். உள்ள வர்றதுன்னா வா. இல்லாட்டித் தள்ளி நில்லு, காத்து வருது" என்றான் ஒற்றைப்பல்லன்.

"நான் கடிக்கல்லா வந்தேன்."

"அப்புறமாக் கடி."

காதறுந்தான் சற்று யோசித்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டான். அவனைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து அதற்கடுத்தவர். கொஞ்ச நேரத்தில் அடிக்கொம்பில் ஒன்பது பேர் இல்லை. ஒரே ஓர் உருண்டைதான் இருந்தது. நடுவில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் புள்ளியன் வந்தான். வழக்கம்போல அடிமரத்தில் ஏறி, வழக்கம்போல கடைசி இடத்தில் கையை நீட்டினான். இடம் காலி. பனிக்குள் எட்டிப் பார்த்தான். எதிரே ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. ஒன்பது தலை, பதினெட்டுக் கண், எட்டரை வால். அத்தனை கண்ணும் அவனையே பார்த்தன. பிறகு ஒன்பது வாயும் ஒரே நேரத்தில் கத்தின.

புள்ளியன் வாழ்நாளில் ஒற்றை ஆளைத்தான் பார்த்திருக்கிறான். இது எந்த ஊர்ப் பூதமோ என்று மல்லாக்க விழுந்து, எழுந்து, வந்த வழிகூடத் தெரியாமல் ஓடிப்போனான்.

புள்ளியன் வந்தும் அடிக்கொம்பில் யாரும் சாகாதது அன்றுதான் முதல் தடவை. குறைவாலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளும் இது கைக்கெட்டும் தூரத்தில்தானே இருந்தது, அக்காள் இருக்கும்போதே தோன்றாமல் போயிற்றே என்று நினைத்து நினைத்து அழுதாள்.

உச்சியாருக்குச் சேதி போயிற்று. "கீழ எல்லாரும் ஒட்டிக்கிட்டு இருக்காங்கய்யா."

"போய்ப் பிரிச்சுவிடுங்கடா" என்று மைத்துனன்மாரை அனுப்பினார். ஏழு பேரும் இறங்கி வந்தார்கள். உருண்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். தலையைச் சொறிந்துகொண்டு மேலே போனார்கள்.

"ஐயா, பிரிக்கணும்னா தொடணுமே. அவங்கள்லாம் அடிக்கொம்பாச்சே, நாங்க எப்படித் தொட?"

உச்சியார் கண்ணை மூடிக்கொண்டார். சட்டம் அவர் போட்டதுதான்.

மூன்று நாள் போயிற்று. புள்ளியனுக்குப் பசி காதை அடைத்தது. அடிமரத்துப் பக்கம் போகப் பயம். மரத்தை ஒட்டி நின்ற பாறையில் ஏறிப் பார்த்தான். பாறை உச்சியும் மரத்தின் உச்சிக்கொம்பும் ஒரு தாவு தூரத்தில் இருந்தன. பனி விலகிய ஓர் இடுக்கில் தெரிந்தது, பத்துப் பேர் படுக்கிற கொம்பில் கொழுகொழுவென்று ஒரே ஓர் ஆள்.

தாவிவிட்டான். உச்சியாரின் தொடையில் நகம் இறங்கியது.

"ஏ, வாங்கடா" என்று மலையே கேட்க அலறினார் உச்சியார்.

நேர் கீழ்க்கொம்பில் ஏழு மைத்துனன்மாரும் இருந்தார்கள். தலைவர் குரல் கேட்டதும் ஏழு பேரும் பட்டென்று முதுகைத் திருப்பினார்கள், தலையைத் தொங்கப்போட்டார்கள், பல்லை இளித்தார்கள். உச்சியார் இன்னும் பெரிதாக அலறினார். தலைவர் இன்று ரொம்பக் கோபமாக இருக்கிறார் போலும் என்று அவர்கள் இன்னும் பெரிதாக இளித்தார்கள். சிரிக்காதீர்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. தலைவர் கத்தும்போது அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததே இல்லை.

கீழே குறைவாலிக்கு மட்டும் அந்தக் குரல் என்னவென்று விளங்கியது. அது அடிக்கொம்பின் குரல். அவள் அக்காளின் குரல்.

"மேல போகணும். வாங்க" என்றாள்.

ஒற்றைப்பல்லன் அசையவில்லை. "சும்மா கெட தங்கச்சி. நம்ம எத்தன பேரு போனோம், ஒரு தடவ எட்டிப் பாத்தாரா? போகட்டும்."

"அக்கா கத்தினப்ப நான் முதுகத் திருப்பிக்கிட்டு இளிச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. இன்னைக்கும் அது காதுல கேக்குது. இன்னொரு தடவ என்னால முடியாது."

ஒற்றைப்பல்லனும் அன்று இளித்துக்கொண்டுதான் இருந்தான். எழுந்துவிட்டான்.

பிடித்த பிடியை விடாமல், குட்டியை நடுவில் வைத்து, ஒன்பது பேரும் ஒரே உருண்டையாக ஏறினார்கள். ஒவ்வொரு கொம்பைத் தாண்டும்போதும் குறைவாலி சொன்னது ஒரே வார்த்தைதான்: "பிடிச்சுக்கோங்க." முதல் கொம்பில் நான்கு பேர் பிடித்தார்கள். அதற்கு மேல் பதினொரு பேர். நடுக்கொம்பில் கரியன் என்றொரு கடுவன் இருந்தான், அழகன் என்று அவனுக்கே நினைப்பு. "கூட வரேன், சண்டை போடுறேன். ஆனா இன்னொரு கடுவன் கை என் மேல படக்கூடாது" என்று சொல்லித் தனியாக ஓரமாக ஏறி வந்தான். வந்த வரைக்கும் சரி என்று விட்டுவிட்டார்கள்.

இளித்துக்கொண்டு நின்ற மைத்துனன்மாரைத் தாண்டி அந்தப் பட்டாளம் உச்சிக்குப் போனபோது, புள்ளியன் உச்சியாரைப் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். குறைவாலி பாய்ந்து உச்சியாரின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். அவள் இடுப்பை ஒற்றைப்பல்லன் பிடித்தான். அவன் இடுப்பைக் காதறுந்தான். அப்படியே முப்பது பேர். இழுத்தார்கள். அந்தப் பக்கம் ஒரு சிறுத்தை, இந்தப் பக்கம் ஒரு மரம் நிறையக் குரங்கு. கரியன் தாவிப் போய்ப் புள்ளியனின் மூக்கிலேயே ஒரு கடி வைத்தான். நகம் விட்டது. பாறை வழுக்கியது. புள்ளியன் அருவியோடு போய்க் கீழே தடாகத்தில் விழுந்து, நனைந்த பூனையாக எழுந்து ஓடினான். அடுத்த மலைக்குப் போய்த்தான் திரும்பிப் பார்த்தான்.

மரம் முழுக்கக் கூச்சல். அடிக்கொம்பு உச்சிக்கொம்பில் ஏறி நின்று கத்தியது அந்த மலையில் அதுதான் முதல் தடவை. மைத்துனன்மாரும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்த்தால் தலைவர், கடைசி இடத்துக் குறைவாலியின் கைக்குள் இருக்கிறார். ஊரே பார்க்கிறது. உச்சியாரின் முகத்தில் ரத்தம் ஏறிச் செக்கச் செவேலென்று ஆயிற்று.

"விடுட்டி என்னைய."

"நடுங்குறீங்கய்யா. கொஞ்ச நேரம் இருங்க."

உண்மையில் அவருக்கும் இதமாகத்தான் இருந்தது. ஒரு நொடி தலையைக்கூடச் சாய்த்துவிட்டார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "நான் உங்களோட இருக்கணும்னா, இந்தக் கூட்டத்துல என் இடம் எது?"

"வந்து ஒட்டுற இடந்தான்யா."

"நடு இடமா?"

"நடுவுல குட்டி இருக்கு."

உச்சியார் அவள் கையை விலக்கினார். "எனக்குக் கீழ யாருன்னு தெரியாத இடத்துல எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு எழுந்தார். நொண்டிக்கொண்டே வடக்குப் பார்த்து நடந்தார். மைத்துனன்மார் ஏழு பேரும் ஆளுக்கு ஆள் ஒரு முழம் தள்ளி, வரிசை பிசகாமல் பின்னால் போனார்கள். பெரிய பெரிய ஆறுகளைத் தாண்டிப் போய் அங்கே தங்கிவிட்டார்கள். அவர் முகத்தில் ஏறிய சிவப்பு மட்டும் இறங்கவே இல்லை. வடக்கே செம்முகக் குரங்கு இன்றும் மேலே இருப்பவனைக் கண்டால் பல்லை இளிக்கிறது, கீழே இருப்பவனைக் கண்டால் கடிக்கிறது.

கரியன் தன் மந்திகளைக் கூட்டிக்கொண்டு இருட்டுச் சோலைக்குப் போனான். யாருக்கும் இளிக்கவும் மாட்டேன், எந்தக் கடுவனையும் கட்டிக்கொள்ளவும் மாட்டேன் என்றவன் அல்லவா. அங்கே பிடரி மயிரை வளர்த்துக்கொண்டு சோலைக் குரங்காகிவிட்டான், சிங்கவால் குரங்கு என்பதும் அதைத்தான். அந்தச் சோலையில் கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே ஒரு கடுவன்தான்.

அத்திமரத்தில் அன்று உச்சிக்கொம்புப் பழத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் தின்றார்கள். குறைவாலி முதல் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னத் தெரியாதவள் போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எறும்பு இல்லாத பழத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. சாரல் மறுபடி தொடங்கியதும் எல்லாரும் ஒன்றாக ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் தலைமேல் ஒருவர் முகவாயை வைத்து வைத்து, உச்சிமயிர் நடு வகிடு எடுத்தது போலப் பிரிந்து படிந்துவிட்டது. நாட்டுக் குரங்கின் தலையைப் பாருங்கள், இன்றும் அப்படித்தான் இருக்கும்.

அதற்காக அவர்களுக்குள் சண்டையே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒற்றைப்பல்லனும் காதறுந்தானும் மறுநாள் காலையிலேயே ஒரு பழத்துக்கு அடித்துக்கொண்டார்கள். அடித்து முடித்த கையோடு ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு பேன் பார்த்தார்கள். நடுவில் அந்தக் குட்டி இருவர் வாலையும் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. கடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று குறைவாலி போட்ட பிடிதான், இன்றுவரை நாட்டுக் குரங்கு அதை விடவில்லை. மழை நாளில் மரத்தில் அவை ஒட்டி உட்கார்ந்திருக்கும்போது நீங்களும் நின்று பாருங்கள். தலையை எண்ணலாம், வாலை எண்ணலாம், யார் மேலே, யார் கீழே என்று மட்டும் எத்தனை நேரம் பார்த்தாலும் சொல்ல முடியாது.